நெட்வொர்க் ஜாக் வாங்கும்போது பிளேட்டைத் திருப்பிப் பாருங்கள்

வீடு கட்டுகிறவர்கள் சுவிட்சும் ஜாக்கும் பொருத்தும் பிளேட் வாங்கக் கடைக்கு வருவது பெரும்பாலும் பூச்சு முடிந்து, பட்டி பார்த்து, முதல் கோட் பெயின்ட் அடித்த பிறகுதான். அந்த நேரத்தில் கண்ணில் படுவது நிறமும் பளபளப்பும் மட்டுமே. விளக்குக்கும் விசிறிக்குமான சுவிட்சுகளை அப்படித் தேர்ந்தெடுத்தால் பெரிய நஷ்டம் வராது. இன்டர்நெட், டிவி, தொலைபேசி, கேமரா ஆகியவற்றின் கேபிளைச் சொருகும் ஜாக்குகளை அப்படித் தேர்ந்தெடுக்கக் கூடாது. இந்த வேலையில் இருக்கும் நான் வீட்டுக்காரர்களிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஜாக்கும் பிளேட்டும் என்ன வகை என்பதைச் சுவரில் பைப் பதிக்கக் காடி வெட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். சுவருக்குள் பதிக்கும் பெட்டியின் ஆழம், பைப்பின் அளவு, கேபிள்களின் எண்ணிக்கை மூன்றும் அந்த முடிவைப் பொறுத்தவை. பூச்சுக்குப் பிறகு மூன்றில் எதையும் மாற்ற முடியாது.

கோவையில் ஒரு புது வீடு. 300 எம்பிபிஎஸ் இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறார்கள். மாடி அறைகளில் கேபிள் சொருகிச் சோதித்தால் வேகம் 94 அல்லது 95-ஐத் தாண்டவில்லை. சேவை நிறுவனத்தின் ஆள் வந்து ரூட்டரை மாற்றிப் பார்த்திருக்கிறார். மாற்றம் இல்லை. 94 என்ற எண்ணைக் கேட்டதுமே எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். இணைப்பு 100 எம்பிபிஎஸ் அளவில் நின்றுவிட்டால், தகவலோடு சேர்ந்து போகும் முகவரி போன்ற குறிப்புகளுக்கான இடம் போக மிஞ்சுவது அவ்வளவுதான். பிளேட்டைக் கழற்றினேன். முன்புறம் அழகான இரண்டு ஜாக்குகள். பின்னால் ஒரே ஒரு கேபிள். அதன் நான்கு ஜோடி வயர்களில் ஆரஞ்சும் பச்சையும் ஒரு ஜாக்குக்கு, நீலமும் பழுப்பும் இன்னொன்றுக்கு எனப் பிரித்துக் கட்டியிருந்தார்கள்.

100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். ஒரு ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் வேகத்துக்கு நான்கு ஜோடியும், அதாவது எட்டு வயரும் வேண்டும். ஜோடிகளைப் பிரித்தவர் ஏமாற்ற நினைத்துச் செய்திருக்க மாட்டார். ஒரு காலத்தில் அது எல்லா இடத்திலும் நடந்த சிக்கனம். இன்றைய இணைப்புகளுக்கு அது பொருந்தாது. புதிதாக ஒரு கேபிள் இழுக்கலாம் என்றால், பைப்பின் வளைவில் சிமென்ட் பால் இறங்கி இறுகியிருந்தது. கடைசியில் எட்டு வயரையும் ஒரே ஜாக்கில் கட்டி, அறைக்குள் ஒரு இணைப்பைப் பலவாகப் பிரித்துத் தரும் சிறிய ஜிகாபிட் சுவிட்ச் கருவி வைத்துத்தான் சமாளிக்க முடிந்தது. பூச்சுக்கு முன் யாராவது பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, எத்தனை ஜாக்கோ அத்தனை கேபிள் வந்திருக்கிறதா என்று எண்ணியிருந்தால் போதும்.

சரி, கடைக்குப் போகிறீர்கள். ஜாக்கைக் கையில் வாங்கித் திருப்புங்கள். பின்னால் திருகாணிகள் இருந்தால் அது நெட்வொர்க்குக்கு உதவாது, கீழே வைத்துவிடுங்கள். இரண்டு வரிசையாகப் பிளவுகள் இருந்து, ஒவ்வொரு பிளவுக்குள்ளும் கத்தி முனை போன்ற உலோகத் தகடு தெரிந்தால் அதுதான் வேண்டியது. வயரின் தோலை உரிக்காமலே பிளவில் வைத்துப் பஞ்சிங் டூலால் ஒரு தட்டுத் தட்டினால், தகடு தோலைக் கிழித்துச் செம்பைக் கவ்விக்கொள்ளும். மிச்ச நுனியை டூலே வெட்டிவிடும். டூல் இல்லாமல் மூடியை அழுத்திப் பூட்டும் வகையும் கிடைக்கிறது. கொஞ்சம் விலை கூடினாலும், பஞ்சிங் டூல் கையில் இல்லாத எலக்ட்ரீஷியன் வேலை செய்கிற வீட்டுக்கு அதையே சொல்வேன். ஸ்குரூ டிரைவர் முனையால் வயரை அழுத்தி உள்ளே தள்ளுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன். அன்று வேலை செய்யும். தகடு விரிந்து பிடி தளர்ந்தபின், ஆறு மாதம் கழித்து இணைப்பு விட்டுவிட்டு வரும்.

கட்டும் முறையையும் அருகில் நின்று பாருங்கள், தவறில்லை. கேட்-6 என்னும் தரத்திலான நெட்வொர்க் கேபிளின் மேலுறையை உரித்தால் நான்கு ஜோடிகளும், பெரும்பாலான கேபிள்களில் அவற்றுக்கு நடுவே கூட்டல் குறி வடிவில் ஒரு பிளாஸ்டிக் தண்டும் இருக்கும். ஒவ்வொரு ஜோடியும் முறுக்கப்பட்டிருக்கிறது. முறுக்கு ஜோடிக்கு ஜோடி வேறுபடும். ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கலக்காமல் தடுப்பது அந்த முறுக்குதான். ஜாக்கில் கட்டும்போது அதைப் பிரிக்கக்கூடிய நீளம் அதிகபட்சம் 13 மி.மீ., அரை அங்குலம். வேலை சுலபமாக இருக்கட்டும் என்று இரண்டு மூன்று அங்குலம் பிரித்து, தலை வாரிவிட்டதுபோல் வயர்களை நேராக்கிக் கட்டுவார்கள். பார்க்க நேர்த்தியாகத்தான் இருக்கும். கேட்-6 கேபிளுக்குக் கொடுத்த காசு அந்த இரண்டு அங்குலத்தில் போய்விடும்.

ஜாக்கின் பக்கவாட்டில் ஏ, பி என இரண்டு வண்ண வரிசைகள் அச்சிடப்பட்டிருக்கும். எது சிறந்தது என்ற விவாதம் வேண்டாம். நம் ஊரில் பெரும்பாலும் பி வரிசையைப் பயன்படுத்துகிறோம். இரண்டு முனையிலும் ஒரே வரிசை இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

கேட்-6 போதுமா, கேட்-7, கேட்-8 என்று விற்கிறார்களே என்று அடிக்கடி கேட்கிறார்கள். வீட்டுக்குக் கேட்-6 தாராளம். 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் போகும். சூழல் சரியாக இருந்தால் ஏறத்தாழ 55 மீட்டர் வரை பத்து ஜிகாபிட்டும் தாங்கும். எந்த வீட்டில் 55 மீட்டர் கேபிள் ஓடப்போகிறது? ஆனால் ஜாக்கும் கேட்-6 ஆக இருக்க வேண்டும். கேபிள் கேட்-6, ஜாக் கேட்-5இ என்று கலந்தால் மொத்த இணைப்பும் கேட்-5இ தரத்துக்கு இறங்கிவிடும். மிச்சமாகும் பணத்தை நல்ல செம்பில் போடுங்கள். அலுமினியத்தின்மேல் செம்பு பூசிய கேபிள், செம்பு கேபிள் பெயரிலேயே விற்கப்படுகிறது. கேபிள் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாலே இலேசாக இருக்கும். ஒரு வயரின் நுனியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். கேபிள் தரநிலைகள் இதை ஏற்பதில்லை. ஜாக்கின் தகடு கவ்வும் இடத்தில் எளிதில் முறியும், நாளடைவில் ஆக்ஸைடு படிந்து தொடர்பு கெடும், கேமராவுக்கும் வைஃபை கருவிக்கும் இதே கேபிள் வழியாக மின்சாரம் அனுப்பினால் செம்பைவிடக் கூடுதலாகச் சூடாகும். எவ்வளவு நல்ல ஜாக் வாங்கினாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

இனி பெட்டி. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சுவருக்குள் பதிக்கும் மெட்டல் பெட்டியின் ஆழம் சாதாரணமாக 45 முதல் 50 மி.மீ. ஜாக்கின் உடல் மட்டுமே அதில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ளும். கேட்-6 கேபிளின் தடிமன் ஏறத்தாழ 6 மி.மீ.; அதன் நான்கு மடங்கு ஆரத்துக்குக் குறைவாக அதை மடக்கக் கூடாது, அதாவது சுமார் 25 மி.மீ. பூச்சுக்காரர் பெட்டியைக் கொஞ்சம் உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோ வைத்திருந்தால் கணக்கு இன்னும் நெருக்கடியாகும். இரண்டு மாட்யூல் (ஒரு மாட்யூல் என்பது ஒரு சிறிய சுவிட்ச் பிடிக்கும் இடம்) பெட்டியில் இரண்டு ஜாக், ஒரு டிவி கேபிள் என்று திணித்துப் பிளேட்டை அழுத்தித் திருகினால், கேபிள் ஒடிந்து நிற்பது வெளியில் தெரியாது. எனவே தேவை இரண்டு மாட்யூல் என்றால் நான்கு மாட்யூல் பெட்டி வையுங்கள். காலி இடத்துக்கு டம்மி போட்டுக்கொள்ளலாம். பின்னாளில் ஒரு ஜாக் கூட்டவும் அது உதவும். பெட்டிக்குள் ஒரு சாண் கேபிள் மிச்சம் இருக்கட்டும். ஜாக் பழுதானால் வெட்டிவிட்டு மறுபடி கட்டலாம்.

பிளேட்டில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சுவிட்ச் கம்பெனிகளின் மாட்யூலர் வரிசை. அதில் நெட்வொர்க் ஜாக் சில வரிசைகளில் ஒரு மாட்யூல், சிலவற்றில் இரண்டு. ஒரு கம்பெனியின் ஜாக் இன்னொரு கம்பெனியின் பிளேட்டில் உட்காராது. அதே கம்பெனியின் வேறு வரிசையிலும் உட்காராமல் போகலாம். வரிசை நின்றுபோனால் பழுதான ஒரு ஜாக்குக்காகப் பிளேட்டையே மாற்ற நேரிடும். இன்னொன்று, அலுவலகங்களில் பார்க்கும் சதுர ஃபேஸ் பிளேட். கீஸ்டோன் என்னும் பொதுவான வடிவத்தில் வரும் ஜாக் எதுவானாலும் அதில் பெரும்பாலும் பொருந்தும். நெட்வொர்க் ஜாக் போனால் அதை மட்டும் மாற்றலாம். பக்கத்தில் டிவி ஜாக்கோ ஃபைபர் ஜாக்கோ சேர்க்கலாம். அழகில் ஒரு படி குறைவுதான். டிவிக்குப் பின்னால், மேசைக்கு அடியில், கேபிள்கள் கூடும் அலமாரிக்குள் நான் சதுர பிளேட்டைத்தான் பரிந்துரைக்கிறேன். படுக்கையறையில் கண்ணில் படும் இடத்தில் சுவிட்சுகளோடு ஒத்துப்போக வேண்டும் என்றால், கீஸ்டோன் ஜாக்கை ஏற்கும் அடாப்டர் உள்ள மாட்யூலர் வரிசையைத் தேடுங்கள். சில கம்பெனிகள் தருகின்றன. எந்த வகையானாலும் கூடுதலாக இரண்டு பிளேட் வாங்கிப் பரணில் வைத்துவிடுங்கள்.

தொலைபேசி ஜாக் தனியாக வேண்டுமா? செம்புக் கம்பி வழி லேண்ட்லைன் குறைந்துவிட்டது. ஃபைபர் இணைப்பில் தொலைபேசி, சேவை நிறுவனம் வைக்கும் மோடம் பெட்டியிலிருந்தே நேரடியாக வருகிறது. அதற்கும் கேட்-6 கேபிளையே இழுத்து நெட்வொர்க் ஜாக்கே வைக்கலாம். ஆனால் சிறிய தொலைபேசிப் பிளக்கை நெட்வொர்க் ஜாக்கில் அப்படியே சொருகக் கூடாது. உள்ளே போகும், போய், இரண்டு ஓரங்களிலும் உள்ள ஒன்றாம், எட்டாம் கம்பிகளை மேலே தூக்கி வளைத்துவிடும். பிறகு நெட்வொர்க் கேபிள் சொருகினால் அந்த இரண்டும் ஒழுங்காகத் தொடாது. எட்டு முனைப் பிளக் உள்ள கேபிளைப் பயன்படுத்துங்கள்.

டிவி சாக்கெட்டில் ஏமாறுகிறவர்கள் அதிகம். டிஷ் ஆன்டெனாவின் முனையில் உள்ள எல்என்பி கருவிக்கு செட்-டாப் பாக்ஸ்தான் அதே கேபிள் வழியாக 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அனுப்புகிறது. பழைய கேபிள் டிவிக்கான சாக்கெட்டுகள் சிலவற்றில் உள்ளே இருக்கும் கெபாசிட்டர் அந்த நேர் மின்சாரத்தை (டிசி) தடுத்துவிடும். திரையில் 'சிக்னல் இல்லை' என்று வரும். டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். சாட்டிலைட் அலைவரிசை, அதாவது 2150 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்குவதும், நேர் மின்சாரத்தை விடுவதும், திருகிப் பூட்டும் எஃப் வகையுமான ஜாக்கைக் கேட்டு வாங்குங்கள். கேபிள் ஆர்ஜி6 என்னும் வகையாக இருக்கட்டும். இரண்டு டிவி என்றால் டிஷ்ஷிலிருந்து இரண்டு தனிக் கேபிள்.

ஃபைபருக்கு வாசலிலிருந்தோ மொட்டை மாடியிலிருந்தோ தனியாக ஒரு 25 மி.மீ. பைப் விடுங்கள். இல்லாவிட்டால் ஜன்னல் சட்டத்தில் துளை போட்டு ஹாலில் தொங்கவிட்டுப் போவார்கள். ரூட்டர் வீட்டின் நடுவில் இருக்க வேண்டும். பைப் அங்கே போய் முடியட்டும். ஃபைபர் ஜாக் பச்சை நிறத்தில் இருந்தால் பச்சைப் பிளக் மட்டுமே. நீலத்தைச் சொருகினால் முனைகளின் சாய்வு பொருந்தாது. கழற்றிய ஃபைபர் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

நம் ஊருக்கென்று சில தொல்லைகள் உண்டு. பயன்படுத்தாத ஜாக்கின் துளையில் குளவி மண்கூடு கட்டும், எறும்பு குடியேறும். பெயின்டர் பட்டி தேய்க்கும்போது பறக்கும் மாவு உள்ளே படியும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று கம்பிகளை அரிக்கும். அதனால் மூடி உள்ள ஜாக் வாங்குங்கள். பிளக்கை எடுத்தால் தானாகவே மூடிக்கொள்ளும் வகை. உள்ளே உள்ள கம்பிகள் தங்க முலாம் பூசியவையா என்றும் பாருங்கள். பெயின்ட் வேலை முழுவதும் முடியும்வரை ஜாக்கைப் பொருத்த விடாதீர்கள். வெறும் பெட்டியை அட்டையால் மூடி வைத்தால் போதும்.

இதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: 230 வோல்ட் வயரும் இந்தக் கேபிள்களும் ஒரே பைப்பிலோ ஒரே பெட்டியிலோ வரக் கூடாது. 'ஒரே பிளேட்டில் எல்லாம் வந்தால் அழகாக இருக்கும்' என்று சொல்பவர்கள் உண்டு. சுவிட்ச் வயரின் தோல் எங்காவது உரிந்து நெட்வொர்க் வயரைத் தொட்டால், மின்சாரம் கம்ப்யூட்டர் வரை வரும். அதைத் தொடும் கை வரையும் வரும். பைப்புகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் ஓரடி இடைவெளி. குறுக்கே கடந்தால் செங்குத்தாக. செல்போன் சார்ஜ் செய்யும் யுஎஸ்பி மாட்யூலையும் நெட்வொர்க் பெட்டியில் வைக்காதீர்கள். வெளியே 5 வோல்ட் தந்தாலும் அதன் பின்னால் வருவது 230 தான்.

டிவி சுவரில் இரண்டு நெட்வொர்க் ஜாக், ஒரு ஆர்ஜி6, தனிப் பெட்டியில் பவர் பாயின்ட். இவற்றோடு டிவிக்குப் பின்னாலிருந்து கீழே அலமாரி வரை 40 மி.மீ. காலி பைப் ஒன்று. எச்டிஎம்ஐ பிளக்கின் தலை அகலமானது, 25 மி.மீ. பைப்பின் வளைவில் சிக்கும். சுவரில் பதிக்கும் எச்டிஎம்ஐ பிளேட் வாங்குவதைவிட இந்தக் காலி பைப் மேல். கேபிளின் தலைமுறை மாறினால் இழுத்துவிட்டு வேறு போடலாம். மாடியின் ஒவ்வொரு தளத்திலும் கூரையருகே ஒரு கேட்-6 விடுங்கள். கான்கிரீட் தளம் வைஃபையைப் பெரிதும் மட்டுப்படுத்தும். பின்னாளில் அங்கே ஒரு வைஃபை கருவி மாட்ட வேண்டியிருக்கும்.

வேலை முடிந்ததும் எலக்ட்ரீஷியன் விளக்கு எரியும் சிறிய டெஸ்டரை வைத்து, எட்டும் எரிகிறது என்று காட்டுவார். அது வயர் அறுபடவில்லை என்பதை மட்டுமே சொல்லும். ஜோடி மாறி, அதாவது ஒரு ஜோடியின் வயரை இன்னொரு ஜோடியின் வயரோடு சேர்த்துக் கட்டியிருந்தாலும் எட்டும் எரியும். கூலி கொடுப்பதற்கு முன் கேபிளின் மறுமுனையை ரூட்டரோடு இணைத்து, ஒரு லேப்டாப்பை ஒவ்வொரு ஜாக்காகச் சொருகி, நெட்வொர்க் அமைப்பில் இணைப்பு வேகம் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். 1 ஜிபிபிஎஸ் (ஒரு ஜிகாபிட்) என்று வர வேண்டும். 100 என்று வரும் ஜாக்கை அவர் எதிரிலேயே கழற்றச் சொல்லுங்கள். வேகம் சரியாகக் காட்டிய ஜாக்கிலும் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்துப் பாருங்கள். ஜோடி மாறியிருந்தால் அங்கே தடுமாறும். சரியான ஜாக்குக்குப் பிளேட்டின் உள்பக்கத்தில் ஓர் எண் எழுதி, அதே எண்ணை மறுமுனையில் கேபிளின் மேலும் எழுதிவிடுங்கள்.