டாக்டர் நவ்வின் தராசு

அமெரிக்காவின் ஹூஸ்டனில் அந்தக் கிளினிக்குக்குள் நுழைந்ததும் முதல் வேலை தராசில் ஏறுவதுதான். எடை எவ்வளவு என்று டிவி கேமரா காட்டும். அடுத்து நரைத்த தலையோடு மெலிந்த ஒரு டாக்டர் வருவார். குரலை உயர்த்தாமல், இரண்டு மாதத்தில் இத்தனை பவுண்டு குறைத்துக்கொண்டு வந்தால்தான் இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். யூனான் நவ்சரதான் என்ற அறுவை நிபுணரை 'டாக்டர் நவ்' ஆக்கியது இந்தக் காட்சிதான்.

1944இல் டெஹ்ரானில் பிறந்தவர். 1970இல் டெஹ்ரான் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து அமெரிக்கா போனார். 2012இல் டிஎல்சி என்ற அமெரிக்க டிவி சேனலில், 600 பவுண்டு (272 கிலோ) அளவுக்குப் பருமனானவர்களைப் பற்றிய 'மை 600-எல்பி லைஃப்' நிகழ்ச்சி ஆரம்பித்தபோது அவருக்கு 67 வயது. பலர் ஓய்வு பெற்றுவிடும் வயதில் டிவி நட்சத்திரமானார். தயாரிப்பில் அவர் மகனுக்கும் பங்கு உண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

ஆபரேஷனுக்கு முன்பே எடையைக் குறைக்கச் சொல்வதைப் பலரும் மன உறுதிக்கு வைக்கும் பரீட்சை என்று நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி கல்லீரல். கொழுப்பேறிய கல்லீரலின் இடது பகுதி வீங்கி, இரைப்பையின் மேல் மூடிபோலப் படுத்திருக்கும். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷனில், அதைத் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பையின் மேல் முனை தெரியும். தூக்கும்போது கிழிந்தால் ரத்தம். இரண்டு முதல் நான்கு வாரம் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைத்தாலே கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரையான கிளைக்கோஜனும், அதோடு ஒட்டிய தண்ணீரும், கொஞ்சம் கொழுப்பும் கரைந்து அது சுருங்கிவிடும்.

நிகழ்ச்சியில் தருவது தினம் 1,200 கலோரி. 270 கிலோ உடம்பு படுத்தே கிடந்தாலும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4,000 கலோரி செலவழிக்கும். மாதத்துக்குச் சுமார் 84,000 கலோரி துண்டு விழும். ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 என்று வைத்தால் 11 கிலோ. முதல் வாரங்களில் இறங்கும் நீரையும் சேர்த்தால் ஒரு மாதத்துக்கு அவர் கேட்கும் 13 கிலோ நடக்கக்கூடியதுதான். ஆனால் தராசுக்குக் கொழுப்பும் தெரியாது, நீரும் தெரியாது. இதயம் தளர்ந்து காலில் நீர் கோத்தவருக்கு ஒழுங்காகச் சாப்பிட்டும் எடை ஏறலாம். நீர் மாத்திரை போட்டுச் சிறுநீராகப் போன எடையை உணவுக் கட்டுப்பாட்டின் வெற்றி என்றும் எழுதிவிடலாம். கணுக்காலை விரலால் அழுத்திப் பார்க்காமல் நோயாளியைப் பொய்யர் என்று முடிவுகட்டுவது டிவிக்குச் சரி, வார்டுக்குச் சரிப்படாது.

ஆபரேஷன் திரையில் சில நிமிடம். ஸ்லீவ் முறையில் 12, 13 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயை வாய்வழியாக இறக்கி, அதை ஒட்டி ஸ்டேப்ளர் போட்டு, இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுப்பார்கள். பைபாஸில் 30 மில்லி கொள்ளும் சிறு பையை மட்டும் பிரித்துக் குடலோடு இணைப்பார்கள். ஸ்லீவில் ஸ்டேப்ளர் போட்ட கோட்டில் கசிவு பெரும்பாலும் மேல் முனையில், உணவுக்குழாய் வந்து சேரும் இடத்துக்கு அருகில் வரும். பருமனானவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நாடித்துடிப்பு 120ஐத் தாண்டி இறங்காமல் நிற்பது, இடது தோளில் வலி, காரணமில்லாத பதற்றம்: இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூச்சு வாங்கினால் நுரையீரலில் ரத்தக் கட்டியா என்றும் பார்க்க வேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகு நடப்பது டிவிக்குச் சுவாரசியமில்லாத வேலை. தினம் 60 முதல் 80 கிராம் புரதம். ஒன்றரை லிட்டர் தண்ணீர், மடக்கு மடக்காக. சாப்பிட்டு அரை மணி நேரம் தண்ணீர் தொடக்கூடாது. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுக்க. பைபாஸ் செய்தவர் மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகளைத் தானாகப் போட்டால் இணைப்பில் புண் வரலாம். பெண்கள் 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடச் சொல்வோம்.

இந்த நிகழ்ச்சி பார்க்கிறவர்களிடம் உண்டாக்கும் ஒரு தவறான அளவுகோலையும் சொல்ல வேண்டும். 165 சென்டிமீட்டர் உயரத்தில் 272 கிலோ என்றால் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு அதிகம் என்று காட்டும் எண்) 100. அதைப் பார்த்துவிட்டு 'நான் அப்படி இல்லையே' என்று இருந்துவிடுகிறார்கள். அமெரிக்க, சர்வதேச பருமன் அறுவைச் சங்கங்கள் 2022இல் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரைப்படி, பிஎம்ஐ 35க்கு மேல் போனால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவை செய்யலாம். ஆசியர்களுக்கு 27.5லிருந்தே யோசிக்கலாம். அதே உயரத்துக்கு அது 75 கிலோ! அந்த எடையில் எல்லோருக்கும் கத்தி வேண்டும் என்று அர்த்தமில்லை. சர்க்கரை மாத்திரைக்கு அடங்காதவர் கேட்டுப் பார்க்க வேண்டிய நேரம் அது.

கடைசியாக, குடும்பத்தார் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. ஆபரேஷன் ஆன சில வாரங்களில் வாந்தி நிற்காமல் போனால் உடம்பில் வைட்டமின் பி1 தீர்ந்துவிடும். பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், பேச்சு குழம்பும். பக்கத்து மருத்துவமனைக்குப் போனதும் சோர்வுக்கு குளுக்கோஸ் ஏற்ற வருவார்கள். அதற்கு முன்பே ஆபரேஷன் சீட்டைக் காட்டி, பி1 ஊசி போட்டீர்களா என்று கேளுங்கள்.