'சரிங்க' சொல்வதற்கு முன்

திருப்பூர் பின்னலாடை நிறுவனங்களில் பதினான்கு ஆண்டுகளாக மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். வேலையை விட்டுப் போகிறவர்களிடம் கடைசி நாளில் காரணம் கேட்பதும் என் பொறுப்பு. படிவத்தில் 'சம்பளம்' என்று எழுதிவிடுவார்கள். தேநீர் வாங்கிக் கொடுத்துப் பேசினால் வேறொன்று வெளியே வரும்: "என் வேலை எதுவென்றே தெரியவில்லைங்க."

நம் பக்கத்தில் 'சரிங்க' என்பதற்குப் பாதி நேரம் 'காதில் விழுந்தது' என்றுதான் பொருள். சொல்கிறவர் மரியாதைக்குச் சொல்கிறார். மேலாளரோ அதை ஒப்புதலாகக் கணக்கில் வைத்துக்கொள்கிறார்.

ஒரு மெர்ச்சண்டைசர் பெண்ணின் கதை இது. சாம்பிள் முதல் ஷிப்மென்ட் வரை ஆர்டரைக் கொண்டு செலுத்துவது அவர் வேலை. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங் எல்லாம் ஊரின் வெவ்வேறு மூலைகளில் ஜாப் ஒர்க்காக, அதாவது வெளி யூனிட்களிடம் கூலிக்குக் கொடுத்து, நடக்கும். அவற்றை விரட்டிப் பிடிக்கவே பகல் போதாது. லேபிள், பாலிபேக் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர் விலகியதும், "ஒரு வாரம் மட்டும் பார்த்துக்கொள் அம்மிணி" என்றார் மேலாளர். சரிங்க. எட்டு மாதம் ஓடியது. இடையில் ஆடிட் ஆவணங்களும் அவர் மேசைக்கு வந்து சேர்ந்தன. ஒரு ஆர்டரில் வாஷ்கேர் லேபிளுக்கு பர்சேஸ் பிரிவு சொல்லிவிட்டது என்று இவர் நினைத்தார்; இவர் சொல்லியிருப்பார் என்று அவர்கள் நினைத்தார்கள். தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்ட சரக்கு விமானத்தில் போயிற்று. அந்தக் கட்டணத்திலேயே ஆர்டரின் லாபம் கரைந்தது.

"இது என் வேலை இல்லை என்று சொல்லிவிடட்டுமா?" என்று கண் சிவந்து வந்து நின்றார். நியமனக் கடிதத்தை எடுத்தோம். கடைசி வரி: 'நிர்வாகம் அவ்வப்போது ஒப்படைக்கும் பிற பணிகள்.' அந்த வரியை நூற்றுக்கணக்கான கடிதங்களில் தட்டச்சு செய்தவன் நான்தான். அன்று அதை உரக்கப் படிக்கக் கூச்சமாக இருந்தது. (கடிதமே கைக்கு வராதவர்கள் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் குறித்த 2020-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, நியமனக் கடிதம் தரவேண்டும் என்கிறது.)

இரண்டு வாரம் குறிப்பெழுதச் சொன்னேன். என்ன வேலை, யார் கொடுத்தது, எவ்வளவு நேரம் பிடித்தது, அவ்வளவு போதும். எழுதிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு முதலாளியே போனில் நேரடியாகக் கொடுத்தது. குடும்ப நிறுவனங்களில் இது சகஜம். முதலாளி தளத்தில் நடந்து வருவார், கண்ணில் படுகிறவரிடம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போவார். மேலாளருக்கு அது தெரியவே தெரியாது. தெரியாத சுமையை அவர் எப்படி இறக்கி வைப்பார்?

இந்தக் குறிப்போடு மேலாளரிடம் பேசச் சனிக்கிழமை வேண்டாம் என்றேன். வாரக்கூலி பட்டுவாடா நாளில் யார் காதிலும் எதுவும் ஏறாது. ஷிப்மென்ட் நெருக்கடியும் வேண்டாம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை தாளை நீட்டி அவர் சொன்னது இதுதான்: "இந்த ஏழு வேலையும் என்னிடம் இருக்கின்றன. சனிக்கிழமைக்குள் நான்குதான் முடியும். எந்த நான்கு என்று நீங்களே சொல்லுங்க சார்."

மேலாளர் முதலாளி கொடுத்த வரிகளில் விரலை வைத்துச் சற்று நேரம் பேசாமல் இருந்தாராம். லேபிளும் பாலிபேக்கும் பர்சேஸுக்கே திரும்பின. முதலாளியின் வேலைகள் இனித் தன் வழியாக வரும் என்றார். அது பாதிதான் நடந்தது. ஆடிட் ஆவணங்கள் நகரவே இல்லை. பேசியதை அந்தப் பெண் அன்று மாலையே மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் நான்கு வரியாக அனுப்பினார். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. நம் ஊரில் அதுவே கையெழுத்து.

சம்பள உயர்வை இதே அமர்வில் கலக்காதீர்கள். ஒரு இளைஞருக்கு இரண்டையும் சேர்த்துப் பேசச் சொல்லி நானே கெடுத்திருக்கிறேன். தொகையில் தொடங்கிய பேச்சு தொகையிலேயே முடிந்தது. அவருடைய வேலைப் பட்டியல் மடித்தபடியே சட்டைப்பையில் இருந்தது.

சில மாதம் கழித்து அந்தப் பெண்ணிடம் மறுபடி, "ஒரு வாரம் பார்த்துக்கொள் அம்மிணி."

"எந்தத் தேதி வரைக்கும் சார்?"

அவர் நாட்காட்டியைப் பார்த்து ஒரு தேதி சொன்னார். அது இரண்டு நாள் தள்ளிப்போனது.