ஓவனின் புகைபோக்கியை அடைக்காதீர்கள்

கோவையில் மோட்டார், பம்ப்செட் பட்டறைகளுக்குப் போய் ஓவன்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். எங்கே போனாலும் என் முதல் கேள்வி, "உள்ளே எதை வைக்கிறீர்கள்?" என்பதுதான்.

வெல்டிங் ராடு ஓவனில் வெளியேறுவது வெறும் ஈரம். இரும்பில் தூவிய பெயிண்ட் பவுடரை உருக்கிப் படியவைக்கும் பவுடர் கோட்டிங் ஓவனில், பெயிண்டை இளக்கும் தின்னர் கிடையாது. அங்கே இரும்பின் சூட்டைக் கவனிக்க வேண்டும். மீட்டர் 200 டிகிரி காட்டினால் அது காற்றின் சூடு. மெல்லிய தகடு சீக்கிரம் அந்தச் சூட்டுக்கு வந்துவிடும். கனமான வார்ப்படம் வெகுநேரம் பின்தங்கியே நிற்கும். நேரத்தைக் கணக்கிடாமல் வெளியே எடுத்தால் பூச்சு பின்னால் உரிந்து வரும். நஷ்டம்தான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை.

வார்னிஷ் ஓவன் அப்படியல்ல. கம்பி சுற்றி (வைண்டிங்) முடிந்த ஸ்டேட்டரை, அதாவது மோட்டாரின் சுழலாத பகுதியை, வார்னிஷில் முக்கி, வடியவிட்டு, 130 டிகிரியில் மணிக்கணக்கில் சுடுகிறோம். வார்னிஷில் உள்ள தின்னர் ஆவியாகி உள்ளேயே நிறைகிறது. தின்னரில் இருக்கும் சைலீன் என்ற திரவத்தின் ஆவி காற்றில் 1 சதவீதம் கலந்தாலே தீப்பிடிக்கும். 2 கன மீட்டர் ஓவனை அந்த நிலைக்குக் கொண்டுபோக 100 மில்லி, அதாவது ஒரு காபி டம்ளர் அளவு, போதும். "130 டிகிரியில் எப்படிப் பற்றும்?" என்று கேட்கிறார்கள். காற்றுக்குத்தான் 130, ஹீட்டர் சுருள் செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருக்கிறது!

ஒரு பட்டறையில் மின்கட்டணத்தை மிச்சப்படுத்தப் புகைபோக்கியைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். நான் போனபோது ஓவனின் கதவு எதிர்ச்சுவரில் சாய்ந்து கிடந்தது. உள்ளே ஸ்டேட்டர்களில் வார்னிஷ் இன்னும் பிசுபிசுப்பாக இருந்தது. ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரம், யாருக்கும் அடிபடவில்லை. விசாரித்தால், அது பவுடர் கோட்டிங்குக்காகச் செய்யப்பட்ட பழைய ஓவன். மலிவாகக் கிடைத்ததென்று வாங்கியிருக்கிறார்கள். தின்னர் ஆவியை வெளியேற்றும் அளவுக்கு அதில் காற்றோட்டமே இல்லை.

வார்னிஷ் ஓவனுக்கு ஆவியை இழுத்து வெளியேற்றும் தனி புளோயர் கட்டாயம் வேண்டும். ஹீட்டரைப் போடும் முன் ஓவனின் கொள்ளளவைப்போல் நான்கு மடங்கு புதுக்காற்று உள்ளே போய் வர வேண்டும். ஸ்டேட்டரிலிருந்து வார்னிஷ் சொட்டுவது நின்ற பிறகே உள்ளே ஏற்றுங்கள். காற்றோட்டம் நின்றால் ஹீட்டர் தானாக அணையும்படி ஸ்விட்ச் பொருத்துங்கள்.

அந்தப் பட்டறையில் இப்போது அதைப் பொருத்திவிட்டோம். மாதம் ஒருமுறை, ஓவன் காலியாக இருக்கும்போது, புளோயரை வேண்டுமென்றே நிறுத்தி, ஹீட்டரும் அணைகிறதா என்று பார்க்கிறார்கள்.