மெதுவான தட்டு ஏன் நேராகப் போகிறது?

ஐஸ்லாந்தின் தலைநகரமான ரெய்க்யாவிக்கின் நடுவே க்ளம்ப்ராதூன் என்று ஒரு பூங்கா இருக்கிறது. ஒரு பக்கம் க்யார்வால்ஸ்தாதிர் ஓவியக் காட்சியகம், இன்னொரு பக்கம் குழந்தைகள் விளையாடும் இடம், புல்வெளியில் பந்தாடுகிறவர்கள், வெயில் எட்டிப் பார்த்தால் போதும் என்று படுத்துக்கிடக்கும் கூட்டம். இத்தனை பேருக்கும் இடையில் ஒன்பது இரும்புக் கூடைகள் நிற்கின்றன. அதுதான் டிஸ்க் கால்ஃப் ஆடுகளம், பந்துக்குப் பதில் பறக்கும் பிளாஸ்டிக் தட்டை வீசி ஆடும் ஆட்டம். கட்டணம் இல்லை, தூரமும் குறைவு, தட்டைக் கையில் தொட்டே பழக்கமில்லாதவர்கள்கூட ஆடி முடித்துவிடலாம்.

இந்த மாதிரி இடத்தில் ஆடப் போகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கடையில் இருப்பதிலேயே மெதுவான தட்டு ஒன்றை வாங்குங்கள், அது மட்டும் போதும். சிக்கனத்துக்காகச் சொல்லவில்லை. தட்டு காற்றில் எப்படிப் பறக்கிறது என்று பார்த்தால் அதற்கான காரணம் தானாகவே விளங்கிவிடும்.

ஆட்டத்தின் விதி சுலபம். குறித்த இடத்திலிருந்து தட்டை வீசுகிறோம், விழுந்த இடத்துக்கு நடந்துபோய் அங்கிருந்து திரும்ப வீசுகிறோம், கூடையில் விழும்வரை எத்தனை வீச்சு என்று எண்ணுகிறோம், குறைவாக எண்ணியவர் ஜெயித்தார்.

சரி, தட்டுக்கு வருவோம். வீசிய தட்டின் மூக்கு, அதாவது முன்விளிம்பு, எதிர்வரும் காற்றைக் கொஞ்சம் மேல்நோக்கிய சாய்வோடு சந்திக்கிறது. தட்டு காற்றைக் கீழே தள்ளுகிறது, காற்று தட்டை மேலே தள்ளுகிறது. இதுதான் தூக்குவிசை, விமான இறக்கைக்கும் இதேதான். ஆனால் இந்த விசை எப்போதும் தட்டின் நட்டநடுவில் செயல்படுவதில்லை, சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. தட்டு வேகமாக, ஏறக்குறைய கிடையாகப் போகும்போது தூக்குவிசையின் மையம் தட்டின் மையத்துக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கும், அதனால் மூக்கு கீழே கவிழப் பார்க்கும். வேகம் குறைந்து தட்டு இறங்க ஆரம்பித்ததும் காற்று அதைக் கீழிருந்து கூடுதல் கோணத்தில் சந்திக்கிறது, விசையின் மையம் முன்னால் நகர்கிறது, இப்போது மூக்கு மேலே தூக்கப் பார்க்கும். சுழலாத தட்டை வீசிப் பாருங்கள், சில மீட்டரிலேயே புரண்டு விழுந்துவிடும்.

சுழற்சி இருந்தால் கதை வேறு. பம்பரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றும் பம்பரம் சாயும்போது நேராக விழாமல் அதன் தலை பக்கவாட்டில் வட்டமடிக்கிறது இல்லையா? சுழலும் பொருளை ஒரு பக்கம் சாய்க்க முயன்றால் அது அந்தப் பக்கம் சாயாமல் 90 பாகை தள்ளி வேறு பக்கம் சாயும். வலது கையால் பேக்ஹேண்ட் வீசும்போது, அதாவது கையை உடம்புக்குக் குறுக்கே கொண்டுபோய் வெளிப்பக்கமாக வீசும்போது, தட்டு மேலிருந்து பார்க்கக் கடிகார முள்போல் சுழல்கிறது. அப்படிச் சுழலும் தட்டின் மூக்கைக் காற்று கீழே அழுத்தினால் மூக்குக்குப் பதில் அதன் வலது பக்கம் தாழும், தட்டு வலப்பக்கம் வளையும். மூக்கை மேலே தூக்கினால் இடது பக்கம் தாழும், தட்டு இடப்பக்கம் வளையும். ஆகவே நன்றாக வீசிய தட்டு முதலில் கொஞ்சம் வலப்பக்கம் போய், வேகம் தளர்ந்ததும் இடப்பக்கம் திரும்பி இறங்குகிறது. இடது கைக்காரர்களுக்கு எல்லாமே தலைகீழ். தட்டின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களில் கடைசி இரண்டும் இந்த வளைவுகளைத்தான் சொல்கின்றன. முதல் எண் வேகம், இரண்டாவது மிதப்பு.

அந்த முதல் எண்ணில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வேகம் 12 என்று போட்டிருந்தால் தட்டு தானாக வேகமாகப் போகும் என்று அர்த்தமில்லை, அந்தத் தட்டு ஒழுங்காகப் பறக்க நீங்கள் அவ்வளவு வேகமாக வீச வேண்டும் என்று அர்த்தம். 1983-இல் இன்னோவா நிறுவனத்தின் டேவ் டுனிபேஸ் விளிம்பைச் சாய்த்துக் கூராக்கிய தட்டைக் கொண்டுவந்தார், அதிலிருந்து வந்தவைதான் தூரமாக வீசுவதற்கான இன்றைய டிரைவர் தட்டுகள். அகல விளிம்பு, கூர்மையான ஓரம், காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். புதிதாக ஆடுகிறவர் வீசும் வேகத்தில் அதற்குத் தேவையான தூக்குவிசை கிடைக்காது. கையை விட்டதுமே இறங்க ஆரம்பித்து, காற்றைக் கீழிருந்து சந்தித்து, நேராக இடப்பக்கம் போய்விடும், அதாவது பறப்பின் கடைசிப் பாதி மட்டும்தான் நமக்குக் காணக் கிடைக்கிறது. வேகம் 2 அல்லது 3 என்று போட்ட பட்டர் (putter) வகைத் தட்டு, அதாவது கிட்டத்திலிருந்து கூடையில் போடுவதற்கான தட்டு, அப்படியில்லை. தடித்த உருண்டை விளிம்பு, மெதுவான வீச்சிலேயே மிதந்துவிடும், வளைவுகள் இரண்டும் சின்னவை. கூடை 60, 70 மீட்டரில் இருக்கும்போது இதைவிட வேறென்ன வேண்டும்?

அப்புறம் காற்று. ரெய்க்யாவிக்கில் காற்று ஓயாது, நொடிக்கு 7 மீட்டர் என்பது அங்கே பெரிய விஷயமே இல்லை. நீங்கள் நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வீசுகிறீர்கள் என்று வையுங்கள். எதிர்காற்றில் தட்டு உணரும் வேகம் 22 மீட்டர். தூக்குவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் அது இரண்டு மடங்குக்கும் மேலாகிவிடும், தட்டு மேலேறும், வலப்பக்க வளைவும் கூடும். அதே வீச்சைக் காற்றின் திசையிலேயே வீசினால் தட்டு உணர்வது வெறும் 8 மீட்டர், தூக்குவிசை கால்பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும், பொத்தென்று இடப்பக்கம் இறங்கிவிடும். பின்காற்று தூக்கிக்கொண்டு போகும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும், மெதுவான வீச்சில் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கும். எதிர்காற்றில் மூக்கைத் தாழ்த்தி, தட்டின் இடது ஓரத்தையும் கொஞ்சம் கீழே சாய்த்து வீச வேண்டும். பின்காற்றில் சற்று உயரமாக விட்டால் போதும்.

மக்கள் நடமாடும் பூங்காவில் மெதுவான தட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு, எனக்கு அதுதான் முக்கியம். 175 கிராம் தட்டு மணிக்கு 54 கிலோமீட்டரில் போனால் அதன் இயக்க ஆற்றல் சுமார் 20 ஜூல். 90 கிலோமீட்டரில் போனால் சுமார் 55 ஜூல், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. போதாக்குறைக்கு டிரைவரின் ஓரம் கூர்மையானது, அத்தனை ஆற்றலும் ஒரு சின்ன இடத்தில் இறங்கும். புல்லில் குழந்தை தவழும் இடத்தில் அதை வீசக் கூடாது, அவ்வளவுதான். பட்டரையும் பாதை காலியாகும்வரை வீசாதீர்கள். நடந்துபோகிறவருக்கு அங்கே ஓர் ஆட்டம் நடப்பதே தெரியாமல் இருக்கலாம், காத்திருக்க வேண்டியவர் தட்டைக் கையில் வைத்திருப்பவர்தான். தட்டு தப்பிப் போய்விட்டால் கூச்சப்படாமல் உரக்கக் கத்துங்கள்.

கடைசியில் கூடை. இந்த ஆட்டத்தின் முன்னோடியான எட் ஹெட்ரிக் 1975-இல் கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்தபோது இலக்கு வெறும் கம்பங்கள்தான். (நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் அந்தப் பூங்காவை ஒட்டியே இருக்கிறது, பறக்கும் பொருளுக்கு நல்ல அக்கம்பக்கம்.) தட்டு கம்பத்தில் பட்டதா, உரசாமல் போனதா என்று தூரத்திலிருந்து எப்படிச் சொல்வது? அதற்கு அவர் கண்டுபிடித்த விடைதான் நடுக்கம்பத்தைச் சுற்றிச் சங்கிலி தொங்கும் கூடை, 1977-இல் காப்புரிமையும் வந்தது. விறைப்பான கம்பத்தில் மோதும் தட்டு ஆற்றலை அதிகம் இழக்காமல் தெறித்துவிடும். தளர்வாகத் தொங்கும் சங்கிலிகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் நகர்கின்றன, கண்ணிகள் ஒன்றோடொன்று உரசி அந்த ஆற்றலை ஒலியாகவும் வெப்பமாகவும் கரைத்துவிடுகின்றன, தட்டு சோர்ந்துபோய்க் கீழே இருக்கும் கூடைக்குள் விழுகிறது.

இங்கேயும் சுழற்சி விடுவதில்லை. வலது கைக்காரரின் தட்டு நடுக்கம்பத்துக்கு வலப்பக்கம் மோதினால், உராய்வு அதைக் கம்பத்தை நோக்கி இழுக்கும். இடப்பக்கம் மோதினால் அதே உராய்வு வெளியே தள்ளிவிடும், சங்கிலியில் பட்டும் தட்டு கூடைக்கு வெளியே போய் விழுவதை அடிக்கடி பார்க்கலாம். ஆகவே பத்து மீட்டருக்குள் வந்துவிட்டால் நட்டநடுவைக் குறிவைக்காதீர்கள், ஒரு சங்கிலி அளவு வலப்பக்கம் தள்ளிக் குறிவையுங்கள். தட்டு கடைசியில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்தாலும் கம்பத்தில்தான் போய் நிற்கும்.