பெட்டியில் போட்ட எண்ணும் காதில் விழும் ஓசையும்

எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் புது பிக்கப், அதாவது தந்தியின் ஆட்டத்தை மின்சாரமாக்கும் பாகம், வாங்க நினைக்கும் பலர் முதலில் கேட்பது, "எத்தனை கிலோ ஓம்?" என்றுதான். மின்தடை கூடினால் சத்தமும் கூடும் என்ற நம்பிக்கை அவ்வளவு பரவிக் கிடக்கிறது. நானும் அந்த எண்ணை மட்டும் பார்த்து ஒரு பிக்கப் வாங்கினேன். மாட்டி வாசித்தால் சத்தம் பெரிதாகக் கூடவில்லை. பழைய பிக்கப்பில் இருந்த பளிச்சென்ற ட்ரெபிள், அதாவது கூர்மையான மேல் ஓசைதான், காணாமல் போயிருந்தது. ஏன் இப்படி ஆயிற்று என்று புரிந்துகொள்ள, பிக்கப்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியதாயிற்று.

பிக்கப் ஒரு மைக் இல்லை. காற்றில் வரும் ஒலி அதற்குப் பொருட்டே அல்ல. உள்ளே காந்தம், அதைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். மேலே ஓடும் எஃகுத் தந்தியையும் அந்தக் காந்தம் லேசாகக் காந்தமாக்கிவிடுகிறது. தந்தியை மீட்டியதும் சுருளின் வழியே போகும் காந்தப்புலம் தந்தியின் ஆட்டத்துக்கு ஏற்பக் கூடிக் குறைகிறது; அந்த மாற்றம் சுருளில் மின்னழுத்தமாக எழுகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுதான். நைலான் தந்தி போட்ட கிட்டாரில் இந்த பிக்கப்பை வைத்தால் வாயே திறக்காது.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிட்டாரில் வரும் வகை ஒற்றைச் சுருள் பிக்கப்பில் 0.063 மி.மீ. தடிமனுள்ள கம்பியை ஏறத்தாழ 8,000 சுற்று சுற்றியிருப்பார்கள். தலைமுடி கனம்தான் இருக்கும். சுற்று கூடினால் மின்னழுத்தம் கூடும் என்பது உண்மை. ஆனால் மின்தடை அந்தச் சுற்றை மட்டும் காட்டுவதில்லை. அதே 8,000 சுற்றை 0.056 மி.மீ. கம்பியில் சுற்றினால், கம்பி மெலிந்ததாலேயே மின்தடை ஏறக்குறைய கால் பங்கு ஏறிவிடும். காந்தமும் சுற்றும் மாறாததால் தந்தி எழுப்பும் மின்னழுத்தம் அப்படியே இருக்கும். இன்னொன்று: செப்பின் மின்தடை 10 டிகிரி செல்சியஸ் சூட்டுக்குச் சுமார் 4 சதவீதம் கூடும். காலையில் 6.0 கிலோ ஓம் காட்டிய பிக்கப் வெயில் ஏறிய மதியத்தில் 6.2 காட்டலாம். ஓசை மாறியிருக்காது.

சரி, அப்படியென்றால் எதைப் பார்ப்பது? சுருளின் இண்டக்டன்ஸை. மின்னோட்டம் சடாரென்று மாறுவதைச் சுருள் எவ்வளவு எதிர்க்கிறது என்பதுதான் அது. ஹென்றி என்ற அலகில் சொல்வார்கள். ஒற்றைச் சுருளுக்கு 2 முதல் 3 ஹென்றி, பழைய பாணி ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) 4 முதல் 5 ஹென்றி என்று வைத்துக்கொள்ளலாம். இந்தச் சுருளோடு கிட்டாரிலிருந்து ஆம்ப் (ஓசையைப் பெருக்கும் கருவி) வரை போகும் கேபிளின் மின்தேக்கமும் சேர்கிறது. கேபிளும் ஒரு கெப்பாசிட்டர்தான், மீட்டருக்குச் சுமார் 100 பிகோஃபாரட். இரண்டும் சேர்ந்தால் ஊஞ்சல் மாதிரி தமக்கென ஒரு இயல்பு அதிர்வெண் வந்துவிடும். அந்த இடத்தில் ஓசை ஒரு மேடு போல எடுப்பாகக் கேட்கும். அதற்கு மேலே உள்ளதெல்லாம் சரசரவென்று மங்கிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2.4 ஹென்றி பிக்கப்பை 6 மீட்டர் கேபிளோடு சேர்த்தால் அந்த மேடு ஏறத்தாழ 4,200 ஹெர்ட்ஸில் விழுகிறது. 4.5 ஹென்றி ஹம்பக்கரை அதே கேபிளில் மாட்டினால் சுமார் 3,060 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. என் ட்ரெபிள் போன இடம் அதுதான். ஒரு முறை 3 மீட்டர் கேபிளில் வாசித்துவிட்டு, உடனே 9 மீட்டரில் அதே வரியை வாசித்துப் பாருங்கள். பிக்கப்பைத் தொடாமலே ஓசை மங்குவது கேட்கும். கூடுதல் சுற்றுக்குக் காசு கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

வால்யூம் பாட், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குக் கீழே உள்ள மாறும் மின்தடை, அதற்கும் இதில் பங்கு உண்டு. ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓம், ஹம்பக்கருக்கு 500 கிலோ ஓம் போடுவது வழக்கம். மதிப்பு குறைந்தால் அந்த மேடு அமுங்கி ஓசை மென்மையாகும். ஹம்பக்கரை எடுத்துவிட்டு ஒற்றைச் சுருளை மாட்டியவர்கள் காது கூசுகிறது என்றால், பெரும்பாலும் பழைய 500 பாட் அங்கேயே கிடக்கும்.

ஹம்பக்கர் பிறந்த கதையும் இங்கே தேவைப்படுகிறது. ஒற்றைச் சுருள், தந்தியைக் கேட்பதோடு மின் இணைப்பின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் உறுமலையும் சேர்த்துப் பிடிக்கும். கிட்டார் தயாரிக்கும் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955-இல் இதைத் தீர்க்கும் வழிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, அவற்றின் காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தார். வெளியிலிருந்து வரும் உறுமலுக்குக் காந்தம் எப்படி இருந்தால் என்ன. அது இரண்டு சுருளிலும் எதிரெதிராக எழுந்து ஒன்றையொன்று அழித்துவிடும். தந்தியின் ஓசையோ காந்தத்தைச் சார்ந்தது. காந்தமும் திரும்பி, இணைப்பும் திரும்பியதால் அது இரண்டு மடங்காகிறது. எவ்வளவு எளிமை! எனக்கு இன்றும் வியப்பு தீரவில்லை.

இந்த எதிர்ப்புறச் சூத்திரம்தான் பிக்கப் மாற்றும்போது காலை வாருவதும். ஒரு நிறுவனத்தின் பிக்கப்பை மற்றொன்றின் பிக்கப்போடு கலந்தால், இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது ஓசை சில சமயம் சக்கையாக, மெலிந்து ஒலிக்கும். பேஸ், அதாவது கனத்த கீழ் ஓசை, இருக்காது. இரண்டும் எதிரெதிராக ஓடுகின்றன என்று பொருள். ஈயம் வைப்பதற்கு முன்பே இதைப் பார்த்துவிடலாம். மல்டிமீட்டரை ஓம் அளவில் பிக்கப்பின் இரு கம்பிகளில் வையுங்கள். ஸ்க்ரூட்ரைவர் முனையைப் பிக்கப்பின் மேல் தொட்டுச் சட்டென்று எடுங்கள். எடுக்கும் நொடியில் எண் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பிக்கப்பும் ஒரே பக்கம் போனால் பிரச்சினையில்லை. இல்லையென்றால் ஒன்றின் இரு கம்பிகளை இடம் மாற்ற வேண்டும். உலோக மூடியோ பின்னல் கவசமோ தரைக் கம்பியோடு (எர்த்) சேர்ந்திருந்தால் அதை முதலில் பிரித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த உலோகம் ஓசைக் கம்பியாகி உறுமல் கூடிவிடும்.

நான்கு கம்பி ஹம்பக்கரில் நிறங்களை நம்பாதீர்கள். செமோர் டங்கனில் ஓசைக் கம்பி கறுப்பு, டிமார்சியோவில் சிவப்பு. எந்த நிறம் எது என்று அந்தந்த நிறுவனத்தின் படத்தைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். அப்புறம், எதையும் கழற்றுவதற்கு முன் உள்ளே இருக்கும் இணைப்பைப் படம் எடுத்துவிடுங்கள். பிறகு நினைவில் இருக்காது.

தரைக் கம்பியை வால்யூம் பாட்டின் முதுகில் ஒட்டுவதுதான் இந்த வேலையில் கஷ்டமான இடம். அந்த உலோகம் சூட்டை வேகமாக இழுத்துக்கொள்ளும். சிறிய முனையும் குறைந்த வாட்டும் உள்ள சால்டரிங் அயர்னைப் பிடித்தால் ஈயம் உருண்டையாக நின்று ஒட்டாமலே போகும்; நேரம் நீள நீள பாட்டுக்குள் இருக்கும் மின்தடைத் தடம் வெந்துவிடும். அகன்ற முனை, நல்ல சூடு, மேற்பரப்பை மணல் தாளால் லேசாகத் தேய்த்தல், மூன்று நான்கு நொடி, முடிந்தது. ஈயம் மினுமினுத்துத் தட்டையாகப் பரவினால் ஒட்டியிருக்கிறது.

பிக்கப்பை மாட்டியாயிற்று என்றால் உயரத்தைக் கவனியுங்கள். எல்லாத் தந்தியையும் கடைசி ஃபிரெட்டில் (கிட்டார் கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) அழுத்திக்கொண்டு, தடித்த தந்திப் பக்கம் சுமார் 2.5 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. இடைவெளி என்று தொடங்கலாம். நெருங்க நெருங்க சத்தம் கூடும். ஆனால் காந்தத் தூண்கள் வலுவாக இருக்கும் ஒற்றைச் சுருளில் அதிகம் நெருங்கினால் அந்தக் காந்தமே தந்தியைப் பிடித்திழுக்கத் தொடங்கும். தடித்த தந்தியை மேல் ஃபிரெட்டில் அழுத்தி மீட்டினால் ஒரே ஸ்வரம் இரண்டாகப் பிரிந்து அலைவது போலக் கேட்கும். அப்படிக் கேட்டால் அந்தப் பக்கத்து ஸ்க்ரூவைக் கால் திருப்புத் தளர்த்தி, மீண்டும் அதே ஸ்வரத்தை மீட்டிப் பார்க்க வேண்டும். அலைவு நின்று ஸ்வரம் ஒன்றாக ஒலிக்கும் வரை இறக்குங்கள்.