அனானிமஸ் என்றால் அநாமதேயம் அல்ல

குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' (சுருக்கமாக ஏ.ஏ.) அமைப்பை 'அநாமதேயக் குடிகாரர்கள்' என்று இன்னும் எத்தனை பேர்தான் மொழிபெயர்ப்பார்கள்?

அனானிமஸ் கிரேக்கச் சொல். 'அன்' என்றால் இல்லாத, 'ஓனிமா' என்றால் பெயர். வடமொழி 'நாமம்' இதற்கு உறவுதான். வேர் ஒன்றுதானே, பிறகென்ன குறை என்கிறார்கள். வேரை வைத்தா சொல் புழங்குகிறது? அநாமதேயப் பேர்வழி, அநாமதேயக் கடிதம், அநாமதேயப் பிணம்: தமிழில் இந்தச் சொல் வரும் இடங்கள் இவை. ஆள் யாரென்றே தெரியாது, கூடவே ஒரு சந்தேகமும் ஒட்டிக்கொள்ளும். ஏ.ஏ. கூட்டத்திலோ பேசுகிறவர் முதலில் தன் பெயரைத்தான் சொல்கிறார். பத்திரிகை, வானொலி, திரைப்படம் என்று வெளியுலகம் வரும்போதுதான் பெயர் பின்னால் போகிறது.

ஏன் என்று பார்த்தால்தான் சொல்லின் பொருள் பிடிபடும். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் இதைத் தொடங்கிய பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும், ஃபிராங்க் புக்மனின் 'ஆக்ஸ்ஃபோர்டு குழு' என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் பழகியவர்கள். தன் குறையைப் பிறரிடம் ஒப்புக்கொள்வது, தீங்கிழைத்தவருக்கு ஈடுசெய்வது, கடவுளிடம் தன்னை ஒப்படைப்பது எல்லாம் அங்கிருந்து ஏ.ஏ.வுக்கு வந்தவை. ஆனால் அந்தக் குழு பிரபலங்களின் பெயரைச் சொல்லி ஆள் சேர்த்தது. இவர்கள் விலகியதற்கு அதுவும் ஒரு காரணம். ஆரம்பத்தில் பெயரை மறைத்ததற்குக் காரணம் அவமானமும் வேலை போய்விடும் என்ற பயமும்தான். அப்புறம் அது தன்முனைப்பை அடக்கும் பயிற்சியாக மாறியது. 'மரபுகள்' என்று ஏ.ஏ. சொல்லும் தன் நெறிகளை 1950இல் கிளீவ்லேண்ட் மாநாட்டில் ஏற்றது; அவற்றில் பன்னிரண்டாவது, இதையே எல்லா மரபுகளுக்கும் ஆன்மிக அடித்தளம் என்கிறது. ஆட்களைவிடக் கொள்கை முக்கியம் என்பது அதன் சாரம். 1954இல் யேல் பல்கலைக்கழகம் தர முன்வந்த கௌரவப் பட்டத்தை வில்சன் மறுத்ததும் இதனால்தான். இத்தனையும் 'அநாமதேய'த்தில் எங்கே இருக்கிறது?

'குடிகாரர்' அதைவிட மோசம். அது வசைச்சொல். சிகிச்சை தருகிறவர்கள் 'குடிநோயாளி' என்ற நல்ல சொல்லைப் புழக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அகராதியில் முதலில் கண்ணில் படுவதை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், அந்தத் துறையினர் பேசுவதை ஒருநாளாவது காதுகொடுத்துக் கேட்கலாம்.

அமைப்பைத் தமிழில் சொல்லியே ஆகவேண்டும் என்றால் 'பெயர் வெளியிடாக் குடிநோயாளிகள்' என்று எழுதுங்கள். கொள்கையைக் குறிக்க 'பெயர் முன்னிறுத்தாமை' சரியாக வரும். இரண்டும் வேண்டாம் என்றால், எல்லோரும் சொல்கிறபடி ஏ.ஏ. என்றே இருக்கட்டும்.