மதிப்பெண் ஏட்டில் கோடு இருந்தால் அது பூஜ்யம் இல்லை

பருவம் முடிகிற நேரத்தில் இந்தப் புகார் வராமல் இருந்ததே இல்லை. பத்து அசைன்மென்டில் மூன்றை மட்டும் கொடுத்த மாணவர், “தளத்தில் 92 சதவீதம் காட்டுகிறதே, நான் எப்படித் தேறாமல் போவேன்?” என்று கேட்கிறார். ஆசிரியரோ “சிஸ்டம் தப்பாகக் கணக்குப் போடுகிறது” என்று கையை விரிக்கிறார். இணையக் கற்றல் தளத்தைப் பராமரிப்பது என் வேலை என்பதால் இருவருமே என்னிடம் வருகிறார்கள். இந்த முறை ஒரே வாரத்தில் ஒரே வகுப்பிலிருந்து வரிசையாக வந்தார்கள். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

சிஸ்டம் தப்பாகக் கணக்குப் போடவில்லை. நூறு மதிப்பெண் வீதம் பத்து அசைன்மென்ட். அந்த மாணவர் கொடுத்த மூன்றுக்கும் 90, 92, 94 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 276. மற்ற ஏழுக்கும் ஆசிரியர் எதுவுமே போடவில்லை, கட்டத்தில் சிறு கோடு மட்டும் நிற்கிறது. மூடில் என்ற இணையக் கற்றல் தளத்தில், காலிக் கட்டங்களை மொத்தத்தில் சேர்க்காதே என்பதுதான் இயல்பான அமைப்பு. ஆக 276-ஐ 300-ஆல் வகுக்கிறது, 92 சதவீதம் வருகிறது. அந்த ஏழு கட்டத்திலும் பூஜ்யம் போட்டிருந்தால் 276-ஐ 1000-ஆல் வகுத்து 27.6 என்று காட்டியிருக்கும். கேன்வாஸ் என்ற இன்னொரு கற்றல் தளமும் அப்படித்தான்: மதிப்பெண் போடாததை மாணவரின் மொத்தத்தில் சேர்க்காது.

“அப்படியென்றால் அந்த அமைப்பே தப்புதானே?” என்று உடனே கேட்பீர்கள். இல்லை. மூன்றாவது வாரத்தை யோசித்துப் பாருங்கள். மூன்று அசைன்மென்டுக்குத்தான் கெடு முடிந்திருக்கிறது, மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்த மாணவருக்குக்கூட 27 சதவீதம் என்று காட்டினால் அவர் படிப்பையே விட்டுவிடுவார். அதனால் தளம் காலிக் கட்டத்தை ‘இன்னும் முடிவாகவில்லை’ என்றே எடுத்துக்கொள்கிறது. கெடு எப்போதோ முடிந்துவிட்டது, இனி வராது என்பது உங்களுக்குத் தெரியும், தளத்துக்குத் தெரியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும். மொத்தச் சதவீதம், திருத்திய தாள்களில் மாணவர் எவ்வளவு நன்றாகச் செய்தார் என்று மட்டுமே சொல்லும். எத்தனை தாள் கொடுத்தார் என்பது வேறு கேள்வி, அதற்கான பதில் வேறு பக்கத்தில் இருக்கிறது. இதை எத்தனை பயிற்சி வகுப்பில் சொன்னாலும், அடுத்த பருவம் அதே ஆசிரியர் மொத்தத்தைப் பார்த்தே “பையன் ஒழுங்காகத்தான் செய்கிறான்” என்று பெற்றோரிடம் சொல்லியிருப்பார்.

சரி, பூஜ்யம் போடுவோம் என்று கிளம்புகிறவர்கள் அடுத்த குழியில் விழுகிறார்கள். மூடிலில் மதிப்பெண் ஏட்டைத் திறந்து அந்தக் கட்டத்திலேயே நேரடியாகப் பூஜ்யத்தை அடித்துவிடுவார்கள். அப்படிக் கையால் போட்டது அசைன்மென்டில் வரும் மதிப்பெண்ணுக்கு மேலாகப் பூட்டிக்கொள்ளும். மாணவர் ஒரு வாரம் கழித்துத் தாமதமாகக் கொடுத்து, நீங்களும் இரக்கப்பட்டு அசைன்மென்டுக்குள் போய் 70 போட்டாலும், ஏட்டில் பூஜ்யம் அப்படியே நிற்கும். அதற்கும் “சிஸ்டம் கோளாறு” என்று எனக்கு ஒரு மின்னஞ்சல் வரும். பூஜ்யத்தை எப்போதும் அந்த அசைன்மென்டின் திருத்தும் பக்கத்திலேயே போடுங்கள், ஏட்டுக்கு அது தானாகப் போய்ச் சேரும். ஏற்கெனவே பூட்டிக்கொண்டிருந்தால், அந்தக் கட்டத்தைத் திறந்து மேலெழுதியதற்கான டிக்கை எடுத்துவிட்டால் போதும்.

உடல்நிலை சரியில்லாதவருக்கு விலக்கு கொடுத்திருந்தால் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள், பூஜ்யமும் போடாதீர்கள். விலக்குக்கென்றே மூடில், கேன்வாஸ் இரண்டிலும் தனிக் குறி உண்டு. அதைப் பயன்படுத்தினால், பிறகு பார்ப்பவருக்கு அது மறந்துபோன கட்டம் இல்லை என்று தெரியும்.

அடுத்தது மூடிலில் விழும் பச்சை டிக். ‘முடிந்தது’ என்ற அடையாளத்தைப் பார்த்தவுடன் வேலை வந்துவிட்டது என்று நம்பிவிடுகிறோம். எந்த நிபந்தனைக்கு அந்த டிக் விழுகிறது என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பக்கத்தைத் திறந்தாலே போதும் என்று வைத்திருக்கலாம். மாணவரே தனக்கு டிக் போட்டுக்கொள்ளலாம் என்றும் வைத்திருக்கலாம். இதில் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வருவது, ‘மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை. பூஜ்யமும் மதிப்பெண்தான். எதையுமே கொடுக்காதவருக்கு நீங்கள் பூஜ்யம் போட்ட நொடியில் ‘முடிந்தது’ என்று பச்சை விழும். சமர்ப்பித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை வையுங்கள். வேண்டுமானால் தேர்ச்சி மதிப்பெண் பெற வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூகுள் கிளாஸ்ரூமில் ஒரு கோப்பைக்கூட இணைக்காமல் ‘முடித்துவிட்டேன்’ என்று மாணவர் அழுத்த முடியும், கொடுத்தவர்கள் கணக்கில் அவரும் ஏறிவிடுவார். எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்திப்படாமல் உள்ளே கோப்பு இருக்கிறதா என்று திறந்து பாருங்கள்.

மாணவர்களே, “நான் அப்லோட் செய்தேன், சத்தியமாகச் செய்தேன்” என்று நீங்கள் சொல்வதை நான் நம்புகிறேன். பெரும்பாலும் உண்மையாகவே செய்திருப்பீர்கள். ஆனால் சில அசைன்மென்டுகளில் கோப்பை ஏற்றிய பிறகு, சமர்ப்பிக்க இன்னொரு பொத்தானை அழுத்த வேண்டும். அதை அழுத்தாதவரை அது வெறும் வரைவு. நிலை என்ற வரியில் ‘வரைவு’ என்றிருந்தால் நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். ‘மதிப்பிடச் சமர்ப்பிக்கப்பட்டது’ என்று வருகிறவரை பக்கத்தை மூடாதீர்கள். ஏற்றிய கோப்பை ஒருமுறை நீங்களே தரவிறக்கித் திறந்தும் பாருங்கள். தப்பான கோப்பை அனுப்பியவர்கள் நிறையப் பேர். அப்புறம், மொத்தச் சதவீதத்தைப் பார்த்துச் சந்தோஷப்படுவதை நிறுத்திவிட்டு, வரிசையாகக் கோடு நிற்கிற இடங்களை எண்ணுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் உங்களிடம் ஒரு காரணம் இருக்க வேண்டும்: கெடு வரவில்லை, அல்லது ஆசிரியர் இன்னும் திருத்தவில்லை. இரண்டும் இல்லையென்றால் இன்றே கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசித் தேதியையும் அதற்குப் பிறகு வாங்கவே மாட்டோம் என்ற தேதியையும் மூடிலில் தனித்தனியாக வைக்கலாம். இரண்டையும் நிரப்புங்கள். இரண்டாவதைக் காலியாக விட்டால் தளம் பருவம் முழுக்கத் தாமதமாக வாங்கிக்கொண்டே இருக்கும், யாரும் எந்தக் கட்டத்தையும் முடிவு செய்ய மாட்டார்கள். ஒவ்வொரு கெடு முடிந்த மறுநாளும் அந்த அசைன்மென்டின் சமர்ப்பிப்புப் பக்கத்தில் ‘சமர்ப்பிக்காதவர்கள்’ என்று வடிகட்டினால் பெயர்கள் வந்துவிடும். கேன்வாஸில் இன்னும் சுலபம், கொடுக்காதவர்களுக்கு மட்டும் ஒரே செய்தியை ஏட்டிலிருந்தே அனுப்பலாம். அன்றே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பதில் வராதவர்களுக்கு, வாங்கும் தேதி முடிந்தபின் பூஜ்யம் போடுங்கள். மூன்றாவது வாரத்தில் ஒரு பூஜ்யத்தைப் பார்த்துப் பதறுகிற மாணவருக்கு மிச்சமுள்ள தாள்களில் சரிசெய்ய நேரம் இருக்கிறது. பருவக் கடைசியில் ஏழு பூஜ்யத்தை மொத்தமாகக் கொட்டிவிட்டு அவரை என் மேசைக்கு அனுப்பாதீர்கள்.